கையால் செய்ததெல்லாம் சொந்தச் சரக்கு ஆகிவிடாது

அழைப்பிதழ், வாழ்த்து அட்டை, குறிப்பேடு என்று தாளை வைத்துச் சிறுதொழில் செய்கிறவர்களிடையே அடிக்கடி ஒரு சண்டை வரும். "என் டிசைனைத் திருடிவிட்டார்கள்" என்று ஒருவர் இரண்டு படங்களை அருகருகே போடுவார். கீழே கூட்டம் கூடித் திட்டும். படங்களை உற்றுப் பார்த்தால் இரண்டிலும் பிசிறு ஓரத் தாள், மெழுகு முத்திரை, இலைக்கொடி வளையம், நடுவில் சாய்வான கையெழுத்து ஃபான்ட். இவரிடமிருந்து அவர் எடுத்தாரா, அவரிடமிருந்து இவரா என்பதைவிட, இருவருமே மூன்றாவது ஒருவரிடமிருந்து எடுத்திருப்பார்கள் என்றுதான் எனக்குத் தோன்றும்.

நானும் இதே தொழில்தான். பலருக்குப் பிடிக்காது, இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். கைத்தாளை, அதாவது கையால் செய்த தாளை வாங்கி, அதன்மேல் எங்கிருந்தோ இறக்கிய டெம்ப்ளேட்டை அச்சடித்தால் அது நல்ல தாளில் அச்சான டெம்ப்ளேட். அவ்வளவுதான். நகலெடுப்பதில் கை ஒன்றும் இயந்திரத்துக்குச் சளைத்ததில்லை.

இது இன்றைய கதையும் இல்லை. 18ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் ஜேம்ஸ் வாட்மன் தயாரித்த தாளுக்கு அப்படி ஒரு பெயர். பிற்பாடு ஐரோப்பாவின் வேறு ஆலைகள் சில, தாங்கள் செய்த தாளிலேயே அவர் பெயரை நீர்க்குறியாகப் போட்டு விற்றன. நீர்க்குறி எப்படி வரும்? காகிதக் கூழை அள்ளித் தாள் எடுக்கும் சல்லடைமேல் மெல்லிய கம்பியை எழுத்து வடிவில் வளைத்துத் தைக்க வேண்டும். அந்த இடத்தில் கூழ் மெல்லிசாகப் படியும், வெளிச்சத்தில் பிடித்தால் எழுத்து தெரியும். அத்தனையும் பொறுமையாகச் செய்து, ஒவ்வொரு தாளாக அள்ளி எடுத்து உருவாக்கிய போலி! சுத்தமான கைவேலை.

அப்புறம், எதைத் திருட்டு என்பது? மெழுகு முத்திரை யாருடைய சொத்தும் இல்லை. பிசிறு ஓரமும் அப்படித்தான். 1995இல் நடைமுறைக்கு வந்த டிரிப்ஸ் எனும் உலக வர்த்தக அமைப்பின் அறிவுசார் சொத்துரிமை ஒப்பந்தத்தின் 9ஆம் பிரிவே, பதிப்புரிமை என்பது வெளிப்பாட்டுக்குத்தான், யோசனைக்கோ செய்முறைக்கோ இல்லை என்கிறது. ஒருவர் வரைந்த கொடியை அப்படியே டிரேஸ் செய்தால் தப்பு. கொடி வரைவதே தப்பு என்றால் நாமெல்லாம் கடையை மூட வேண்டியதுதான்.

இந்தப் பிசிறு ஓரத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கூழ்த் தொட்டியில் சல்லடையை முக்கி எடுக்கும்போது அதன்மேல் கழற்றக்கூடிய ஒரு சட்டம் இருக்கும். சட்டத்துக்கும் சல்லடைக்கும் இடையே கொஞ்சம் கூழ் கசியும். அதுதான் அந்த ஓரம். எல்லாத் தாளும் கையால் எடுத்த காலத்தில் அது தவிர்க்க முடியாத ஒன்று, வேண்டாத இடத்தில் வெட்டித் தள்ளிவிடுவார்கள். 1799இல் பிரான்சில் நிக்கொலா லூயி ரொபேர் காகித இயந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றார். அடுத்த நூற்றாண்டில் நேரான ஓரமுள்ள தாள் மலிவாகிப் பெருகிய பிறகுதான் பிசிறுக்கு மவுசு வந்தது. மை தடவிய எழுத்து அச்சைத் தாளில் அழுத்திப் பதிக்கும் லெட்டர்பிரஸ்ஸும் இதே கதைதான். தாளில் பள்ளம் விழாமல் மை மட்டும் பதிவதே நல்ல அச்சு என்று பழைய அச்சுக்காரர்கள் நினைத்தார்கள். இன்று பள்ளம் ஆழமாக விழுந்தால்தான் வாடிக்கையாளர் விரலால் தடவிப் பார்த்துச் சிரிக்கிறார். ஆக, நாம் நம் அடையாளம் என்று கொண்டாடும் இரண்டுமே ஊர் ரசனை. யாரும் எடுத்துக்கொள்ளலாம்.

அப்படியென்றால் நம்முடையது என்று எது மிஞ்சுகிறது? கையில் இருக்கிற தாளைப் பார்த்து எடுக்கிற முடிவுகள்.

கைத்தாளின் ஓரங்கள் துல்லியமாக நேராகவும் மூலைகள் செங்கோணமாகவும் வராது. அதில் ஓரத்தை ஒட்டி நேர்க்கோட்டு பார்டர் போட்டால் கோணல் பளிச்சென்று தெரியும். டெம்ப்ளேட்காரர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான். அந்தத் தாளுக்கு பார்டரே வேண்டாம், எழுத்தை உள்ளே இழுத்து நாலு பக்கமும் தாராளமாக இடம் விடு என்று தாளே சொல்லிவிடும். பசை குறைவாகச் சேர்ந்த தாளில் மை பரவும், மெல்லிய கோடுகள் கொழகொழவென்று ஆகிவிடும். அப்போது தடித்த எழுத்துக்குப் போகலாம், அல்லது மையே இல்லாமல் வெறும் அழுத்தத்தில் பதிக்கலாம். இயந்திரத் தாளில் இழைகள் பெரும்பாலும் ஒரே திசையில் ஓடும். அதற்குக் குறுக்கே மடித்தால் மடிப்பு வெடிக்கும். கைத்தாளில் இழைகள் பல திசையில் பின்னிக் கிடப்பதால் மடிப்பை எந்தப் பக்கம் வைப்பது என்பதில் சுதந்திரம் அதிகம். அதனால் அட்டையின் வடிவத்தையே மாற்றி யோசிக்கலாம்.

இப்படித் தாளிலிருந்து கிளம்பி வந்த ஒரு அட்டையைப் படமெடுத்து யாராவது நகலெடுக்கட்டுமே. அவர்களுடைய தாளில் அது சரியாக உட்காராது. என் வேலையைப் பார்த்துச் செய்யப்பட்ட சிலவற்றை நானே பார்த்திருக்கிறேன். கோபம் வரவில்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்த நகல்களில் எழுத்து அகலமாகப் பரவி நின்ற விதத்தைப் பார்த்தபோது, நான் ஏன் என் அட்டையில் எழுத்தை அந்த விதமாக வைத்தேன் என்பது அவர்களுக்குத் தெரியவில்லை என்பது புரிந்தது.

மறுபக்கமும் உண்டு. சாதாரண இயந்திரத் தாளில், இரண்டு மடிப்பும் ஒரு நூலும் மட்டும் வைத்து, வேறெங்கும் பார்க்காத குறிப்பேடு செய்கிறவர்கள் இருக்கிறார்கள். கைத்தாள் இல்லை என்பதற்காக அவர்களைக் கீழே வைக்கிற நம் வட்டத்துப் பழக்கம் எனக்குச் சுத்தமாகப் பிடிக்காது.

வாடிக்கையாளர் ஸ்க்ரீன்ஷாட்டோடு வந்து "அப்படியே இதே மாதிரி" என்று கேட்பது தினசரி நடப்பது. அவர்மேல் தப்பு இல்லை, மனதில் இருப்பதைச் சொல்ல அவருக்குப் படம்தான் வழி. "இதில் உங்களுக்குப் பிடித்தது எது?" என்று கேட்பேன். பெரும்பாலும் பதில் நிறமாகவோ, நிறைய விட்ட வெற்றிடமாகவோ இருக்கும். அதை வேறு தாளில் வேறு விதமாகத் தர முடியும். அச்சு அசலாக அதுவே வேண்டும் என்பவரிடம், முடிந்தால் அதைச் செய்தவரிடமே வாங்கிக்கொள்ளுங்கள் என்கிறேன். சிலர் போய்விடுகிறார்கள். சரி.

இப்போது ஒவ்வொரு பொருளின் கீழும் எது கையால் செய்தது என்று பிரித்தே எழுதுகிறேன்: தாள் கையால் எடுத்தது, ஆனால் நான் எடுத்ததில்லை, வாங்கியது. அச்சு இயந்திரத்தில். மடிப்பும் தையலும் என் கை. படம் நான் வரைந்தது. "இதையெல்லாம் சொன்னால் விற்குமா?" என்று நண்பர்கள் கேட்கிறார்கள். விற்கிறது, கொஞ்சம் மெதுவாக.