சிப்ஸ் வண்டியை விரட்ட வேண்டுமா?

இங்கிலாந்தில் சாக்சன்களும் நார்மன்களும் மோதிய ஹேஸ்டிங்ஸ் போரை (1066) நடித்துக் காட்டும் விழாவில் பர்கர், சிப்ஸ் வண்டிகள் நிற்பது வரலாற்றுக்கே அவமானம் என்கிறார் ஒரு கட்டுரையாளர். உருளைக்கிழங்கு இங்கிலாந்துக்கு வந்ததே 16ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான், சரி. அந்தக் கணக்கில் டீ, காபியும் போக வேண்டும். அக்டோபர் குளிரில் பிள்ளைகளோடு வரிசையில் நிற்பவரிடம் இதைச் சொல்லிப் பாருங்கள்!

வீரர் வேடமிட்டவர்கள் கூடாரத்தில் விறகடுப்பில் காய்ச்சும் பார்லிக் கஞ்சியையே விற்கலாமே என்பது கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அங்கே உணவு விற்க 28 நாள் முன்பே உள்ளாட்சியில் பதிய வேண்டும். சூடாக வைத்து விற்பது 63 டிகிரி செல்சியஸுக்குக் குறையக் கூடாது, குறைந்தால் இரண்டு மணி நேரம் வரைதான் சலுகை. புல்வெளியில் தொங்கும் இரும்புச் சட்டிக்கு யார் வெப்பமானி வைப்பது?

வண்டி இருக்கட்டும், விற்கும் பொருளை மாற்றச் சொல்லலாம். சுட்ட பன்றி இறைச்சியை ரொட்டியில் வைத்துத் தருவதில் யாருக்கும் சிரமமில்லை. லீக்ஸும் (வெங்காயத் தாள் போன்றது) பட்டாணியும் போட்ட கூழ், பாலாடைக்கட்டி, ஆப்பிள், தேன் மது எல்லாமே சாக்சன் காலத்துக்குப் பொருந்தும். பியர்தான் இடிக்கும், ஹாப்ஸ் என்ற கசப்புப் பூவைச் சேர்த்துக் காய்ச்சுவது இங்கிலாந்தில் பரவியது 15ஆம் நூற்றாண்டில். அதை மட்டும் யாரும் தட்டிக் கேட்பதில்லை, கட்டுரையாளர் உட்பட!

அப்புறம், இட வாடகை பற்றி அவர் ஒரு வரிகூட எழுதவில்லை. வாடகை கட்டுகிறவர் சீக்கிரம் விற்பதைத்தான் போடுவார். கூழ் வேண்டுமென்றால் கூழ்க் கடைக்கு வாடகையைக் குறைக்கட்டும்.