குப்பையைப் பிரித்துப் போடுவது வீண் வேலையா?

"பிரிச்சுப் போட்டு என்ன ஆகப்போகுது, எல்லாம் ஒரே லாரியிலதானே போகுது?" குப்பை பற்றிப் பேச்செடுத்தாலே எங்கள் குடியிருப்பில் இந்தப் பதில்தான் வருகிறது. அந்தக் கோபத்தில் நியாயம் இருக்கிறது. தனித்தனியாகக் கொடுத்ததை வண்டியில் ஒன்றாகக் கொட்டுவதை நானும் பார்த்திருக்கிறேன். அதற்காக மறுசுழற்சியே கட்டுப்படியாகாத வேலை என்று ஒரேயடியாகத் தள்ளிவிடுவதை என்னால் ஏற்க முடியவில்லை. எந்தப் பொருளைச் சொல்கிறீர்கள் என்பதைப் பொறுத்துத்தான் பதில்.

பழைய பேப்பர்காரரிடம் கேட்டுப் பாருங்கள். செய்தித்தாளுக்கு ஒரு விலை, அட்டைப்பெட்டிக்கு ஒரு விலை, இரும்பு, அலுமினியம், செம்புக்கு வேறு வேறு விலை சொல்வார். பால் கவரை அலசிக் காயவைத்துச் சேர்த்து வைத்தால் அதையும் எடுத்துக்கொள்வார். சிப்ஸ் பாக்கெட்டை நீட்டினால் வேண்டாம் என்று தலையாட்டிவிடுவார். பால் கவர் ஒரே வகை பிளாஸ்டிக். உருக்கினால் மறுபடி பொருளாகும். சிப்ஸ் பாக்கெட்டில் உலோகப் பூச்சும் வேறு வேறு பிளாஸ்டிக்கும் அடுக்கடுக்காக ஒட்டியிருக்கும். அவற்றைப் பிரித்தெடுக்கும் செலவு, கிடைக்கும் பொருளின் விலையைத் தாண்டிவிடும். அலுமினியக் கதை இதற்கு நேர் எதிர். தாதுவிலிருந்து எடுப்பதைவிடப் பழையதை உருக்கினால் ஏறக்குறைய 95 சதவீத ஆற்றல் மிச்சம். அதனால்தான் நசுங்கிப்போன பாத்திரத்துக்கும் காயலான் கடையில் காசு கிடைக்கிறது. இந்தப் பகுதி லாபமா நஷ்டமா என்று விவாதிக்கவே தேவையில்லை. யாரும் மானியம் கொடுக்காமலே தலைமுறை தலைமுறையாக நடக்கிற தொழில் இது.

சிக்கல் பிளாஸ்டிக்கில்தான். 2015 வரை உலகத்தில் குப்பையான பிளாஸ்டிக்கில் சுமார் 9 சதவீதம்தான் மறுசுழற்சிக்குப் போயிருக்கிறது என்கிறது ஓர் ஆய்வு. ஷாம்பூவைச் சின்னச் சின்ன சாஷேயில் அடைத்து ஏழை வீட்டுக்கும் கொண்டுபோகலாம் என்று காட்டியவர் நம் கடலூர் சின்னிகிருஷ்ணன். அது பெரிய வியாபார யோசனைதான், மறுக்கவில்லை. ஆனால் காலி சாஷேவைக் காசு கொடுத்து எடுத்துக்கொள்ள இன்றுவரை ஆள் கிடையாது. இவற்றைச் சேகரித்து சிமெண்ட் ஆலைக்கு அனுப்பி எரிப்பதையும் சிலர் மறுசுழற்சிக் கணக்கில் எழுதுகிறார்கள். எரித்தால் எரித்தோம் என்று சொல்லுங்கள். ஹோட்டல் சாம்பார் கவரைச் சோப்புப் போட்டுக் கழுவி வைக்கச் சொல்வதும் எனக்குச் சரியாகப் படவில்லை, அதுவும் கோடையில் லாரித் தண்ணீருக்குக் காத்திருக்கும் ஊரில்.

அப்புறம் ஏன் பிரிக்கச் சொல்கிறேன்? ஈரக்குப்பைக்காக. நம் வீட்டுக் குப்பையில் பாதிக்கு மேல் காய்கறித் தோல், மிஞ்சிய சோறு, வாடிய பூ, வாழையிலை. இது தனியாக இருந்தால் உரம். மற்றதோடு கலந்து மலையாகக் குவிந்தால், காற்றுப் புகாமல் அழுகி மீத்தேன் ஆகிறது. நூறு வருடக் கணக்கில் பார்த்தால் கார்பன் டை ஆக்சைடைப் போல 28 மடங்கு சூடேற்றும் வாயு அது, எளிதில் தீப்பிடிக்கவும் செய்யும். 2022 ஏப்ரலில் சென்னையின் பெருங்குடிக் குப்பைக் கிடங்கு பற்றி எரிந்து, நாள் கணக்கில் அக்கம்பக்கத்து மக்கள் புகையைச் சுவாசித்ததை மறந்திருக்க மாட்டீர்கள். ஒட்டியே பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம் வேறு.

கெடுதல் அதோடு நிற்கவில்லை. விற்கக்கூடிய அட்டையும் பேப்பரும் ரசத்தில் நனைந்துவிட்டால் யாருக்கும் உதவாது. ஒரு பக்கம் நம் பேப்பரை இப்படிப் பாழாக்கி வடசென்னையின் கொடுங்கையூர்க் குப்பைக் கிடங்கில் கொட்டுகிறோம். இன்னொரு பக்கம் நம் ஊர்க் காகித ஆலைகளுக்காக வெளிநாட்டுப் பழைய பேப்பர் தூத்துக்குடித் துறைமுகத்தில் வந்து இறங்குகிறது. இதை நினைத்தால் எனக்கு வயிறு எரிகிறது.

செலவு, செலவு என்கிறவர்கள் கலந்து கொட்டியதற்கான செலவையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பெருங்குடியில் குவிந்த பழைய குப்பையைத் தோண்டிச் சலித்துப் பிரிக்கும் பயோமைனிங் திட்டத்துக்குச் சுமார் 350 கோடி, கொடுங்கையூருக்குச் சுமார் 640 கோடி. சமையலறையில் இரண்டாவதாக ஒரு வாளி வைத்திருந்தால் இந்தப் பணத்தில் பெரும்பகுதி மிச்சமாகியிருக்கும். அதிலும் கொடுங்கையூர்க்காரர்கள் இத்தனை வருடமாக மூச்சில் கட்டிய விலை எந்த டெண்டரிலும் வராது. வெறும் கையால் நாப்கினையும் உடைந்த கண்ணாடியையும் கிளறும் தூய்மைப் பணியாளர்களின் விலையும் வராது.

ஆனால் மொத்தப் பாரத்தையும் வீட்டுப் பெண்கள் தலையில் கட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை. (பல வீடுகளில் பிரிக்கும் வேலை யார் தலையில் விழுகிறது என்று நமக்குத் தெரியும்.) நீலகிரியில் காட்டில் வீசிய மதுபாட்டில்கள் உடைந்து யானைகளின் காலைக் கிழித்தன. சென்னை உயர் நீதிமன்றம் தலையிட்ட பிறகு, 2022-ல் பாட்டிலுக்குப் பத்து ரூபாய் கூடுதலாக வாங்கி, காலி பாட்டிலைத் திருப்பினால் அதைத் திருப்பிக் கொடுக்கும் முறை அங்கே வந்தது. பாட்டில்கள் கடைக்குத் திரும்பத் தொடங்கின. குடிக்கிறவர்களிடம் யாரும் சுற்றுச்சூழல் வகுப்பெடுக்கவில்லை, பத்து ரூபாய்தான் வேலை செய்தது.

அதே முறையைத் தண்ணீர், குளிர்பானப் பாட்டில்களுக்கும் கொண்டுவரட்டும். உருக்க முடியாத பாக்கெட்டில் அடைத்து விற்கிற கம்பெனி, அதைத் திரும்பச் சேகரிக்கும் செலவை முழுதாக ஏற்கட்டும். நாம் ஈரக்குப்பையை மட்டும் ஒழுங்காகத் தனியே கொடுப்போம். மறுபடி ஒரே லாரியில் கொட்டினால், அந்த இடத்திலேயே போட்டோ எடுத்து, நம் வார்டு கவுன்சிலரிடம் பத்துப் பேராகப் போய்க் கேட்போம்.