பார்க்கின்சன் குளிசையை இரவோடு நிறுத்த வேண்டாம்

"ஒப்பரேஷனுக்கு முதல்நாள் இரவு 12 மணிக்குப் பிறகு பார்க்கின்சன் குளிசையும் போடக்கூடாது" என்று சிலர் சொல்வது பிழை, ஆபத்தும் கூட. வெறும் வயிறு என்பது சாப்பாட்டுக்குத்தான். பார்க்கின்சன் குளிசையில் உள்ள முக்கிய மருந்தான லெவோடோபா ஒன்றரை மணித்தியாலத்திலேயே இரத்தத்தில் பாதியாகிவிடும். சில வேளைக் குளிசைகள் தவறினால் உடம்பு கட்டைபோல் இறுகும், விழுங்க ஏலாது, எச்சில் சுவாசப்பைக்குள் இறங்கி நிமோனியா வரும். சிலருக்குக் கடும் காய்ச்சல் வந்து உயிரே போகலாம். மயக்க மருந்து வைத்தியரிடம் முதலே சொல்லி, அன்று காலையும் வழமையான நேரத்துக்கு ஒரு மிடறு தண்ணியோடு போடவேணும்.

வாயால் குடிக்க ஏலாதென்றால் மூக்குக் குழாயால் கரைத்துக் கொடுப்பார்கள். மெதுவாகக் கரையும் வகையை மட்டும் நொறுக்கக்கூடாது, முழு அளவும் ஒரேயடியாக இறங்கிவிடும்.

சத்திக்கு மெட்டோகுளோபிரமைட் வேண்டாம், அது உடல் அசைவுக்கு மூளைக்குத் தேவையான டோபமினைத் தடுக்கும், ஒண்டன்செட்ரோன் பொருந்தும். செலிஜிலின் என்ற இன்னொரு பார்க்கின்சன் குளிசை எடுப்பவர் கட்டாயம் சொல்லுங்கோ, பெத்திடின் என்ற நோ மருந்தோடு அது சேரவே கூடாது.

முல்லைத்தீவிலிருந்தோ மாங்குளத்திலிருந்தோ வவுனியா ஆஸ்பத்திரிக்கு அனுப்பினால் குளிசைகளையும் கையோடு கொண்டுபோங்கோ. துண்டில் "காலை, பகல், இரவு" என்று எழுதினால் காணாது. 6, 10, 2, 6 என்பதுபோல் நீங்கள் போடும் மணியையே எழுதி வாட்டுத் தாதியிடம் குடுங்கோ.