காசினோ ஓட்டல் சைனீஸ்: கைவேலைக்குக் கொடுங்கள், சரக்குக்குக் கொடுக்காதீர்கள்

பள்ளி விடுமுறை நெருங்கினால் மும்பையின் மாட்டுங்கா, செம்பூர் பக்கத்து வீடுகளில் சிங்கப்பூர் பேச்சு தொடங்கிவிடும். கூடவே ஒரு கேள்வியும் வரும். மெரினா பே சாண்ட்ஸ், ரிசார்ட்ஸ் வேர்ல்ட் செந்தோசா மாதிரி காசினோ ஓட்டல்களில் இருக்கும் பெரிய சைனீஸ் உணவகத்தில் ஒருவேளை சாப்பிடலாமா, அந்த விலைக்குத் தகுமா? காசினோவுக்குப் பேர்போன சீனாவின் மக்காவ் போகிறவர்களும் இதையேதான் கேட்கிறார்கள்.

என் பதில் இது. மதியம் போங்கள், டிம் சம்முக்கும் (கூடைகூடையாக வரும் சின்னப் பலகாரங்கள்) வாத்துக்கும் மனசாரக் கொடுங்கள். ராத்திரி போய் உயிர்மீனுக்கும் அபலோனுக்கும் (ஒருவகைக் கடல் நத்தை) கொடுப்பது வீண்.

முதலில் ஒரு பயத்தைத் தீர்த்துவிடுகிறேன். இந்த உணவகங்களுக்குப் போக காசினோவுக்குள் நுழைய வேண்டியதில்லை. சூதாட்டக் கூடத்துக்குள் 21 வயதுக்குக் குறைந்தவர்களை விடமாட்டார்கள்; உணவகங்கள் அதற்கு வெளியே, ஓட்டலிலோ கடைத்தெரு மாடியிலோ இருக்கும். குழந்தைகளோடு தாராளமாகப் போகலாம்.

விலை ஏன் அப்படி இருக்கிறது? அங்கே சாப்பிடுகிறவர்களில் ஒரு பகுதியினர் பில் கட்டுவதே இல்லை. காசினோக்காரர்கள் ஒவ்வொரு பெரிய ஆட்டக்காரருக்கும் கணக்கு வைத்திருப்பார்கள். பக்கராட் எனும் சீட்டாட்டத்தில் 'பேங்கர்' பந்தயத்தில் காசினோவின் அனுகூலம் 1.06 சதவீதம், 'பிளேயர்' பந்தயத்தில் 1.24 சதவீதம். ஒருவர் கைக்கு (ஒரு ஆட்டச் சுற்றுக்கு) 1,000 டாலர் வீதம் மணிக்கு 70 கை, நான்கு மணி நேரம் ஆடினால் மொத்தப் பந்தயம் 2,80,000 டாலர். அதில் அவர் சராசரியாக இழக்க வேண்டியது சுமார் 3,200 டாலர். அந்த எதிர்பார்ப்பு இழப்பில் ஒரு பங்கை அறையாகவும் சாப்பாடாகவும் திருப்பித் தருவார்கள். இதைத்தான் 'காம்ப்' என்கிறார்கள். அவருக்கு 400 டாலர் விருந்து இலவசம். அதே மெனுவைக் கையில் வாங்கும் நமக்கு அது முழு விலை. அபலோனும் பறவைக்கூடும் பழைய ஒயினும் மெனுவில் முதல் பக்கத்தில் நிற்பது அந்த ஆட்டக்காரரைக் குளிர்விக்க, நமக்காக அல்ல. சாப்பாட்டை இலவசமாக்கிக்கொள்ளலாம் என்று ஆட்ட மேசையில் உட்காருகிறவர்கள் மேலே உள்ள கணக்கை இன்னொரு தரம் படிக்கட்டும்.

அடுத்தது பில். சிங்கப்பூர் மெனுவில் விலைக்குப் பக்கத்தில் இரண்டு கூட்டல் குறி போட்டிருப்பார்கள். ஒன்று 10 சதவீத சேவைக் கட்டணம், இன்னொன்று 9 சதவீத ஜிஎஸ்டி. 2024 ஜனவரியிலிருந்து இந்த விகிதம்தான். வரி சேவைக் கட்டணத்தின் மேலும் விழும். 100 டாலர் 110 ஆகி, பிறகு 119.90 ஆகும். நம்மூரில் சேவைக் கட்டணத்தைக் கட்டாயப்படுத்தக் கூடாது என்று 2022-இல் நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் சொன்னது. 2025 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. அந்த நினைப்பில் சிங்கப்பூரில் சர்வரோடு வாதாடாதீர்கள். அங்கே அது அறிவித்த விலையின் பகுதி. தனியாக டிப்ஸ் வைக்கவும் வேண்டாம்.

உட்கார்ந்ததும் தேநீர், வறுத்த வேர்க்கடலையோ ஊறுகாய்க் காயோ ஒரு சின்னத் தட்டு, ஈரத்துண்டு எல்லாம் வரும். நம்மூர் ஓட்டலில் தண்ணீர் வைப்பதுபோல் நினைத்துவிடக் கூடாது. தேநீருக்குத் தலைக்கு இவ்வளவு என்று கணக்கு. கடலைத் தட்டும் துண்டும் பல இடங்களில் பில்லில் ஏறும். வேண்டாமென்றால் தொடுவதற்கு முன்பே திருப்பிக் கொடுத்துவிடலாம். யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். தேநீரை வைத்துக்கொள்ளுங்கள், அது வேண்டும். கெட்டில் காலியானால் மூடியைச் சாய்த்து வைத்தால் போதும், வெந்நீர் ஊற்றுவார்கள்.

பெரிய அடி விழுவது உயிர்மீனில். மெனுவில் 'சந்தை விலை' என்றோ 100 கிராமுக்கு இவ்வளவு என்றோ இருக்கும். 100 கிராம் 18 டாலர் என்று வைத்துக்கொள்ளுங்கள், படிக்கும்போது உறைக்காது. தொட்டியிலிருந்து எடுக்கிற மீன் 900 கிராம் என்றால் 162 டாலர்; வரியெல்லாம் சேர்த்து 194 டாலர் சொச்சம். சிங்கப்பூர் டாலரை 70 ரூபாயாகப் போட்டால் ஒரு மீன் 13,600 ரூபாய். எடையும் உயிரோடு போட்ட எடைதான், குடல் செதில் எல்லாம் அதில் அடக்கம். மக்காவில் 100 கிராமுக்குப் பதிலாக 'டேல்' கணக்கில் சொல்வதும் உண்டு. ஒரு டேல் 38 கிராமுக்குக் கொஞ்சம் குறைவு. சமைக்கச் சொல்வதற்கு முன் எடையையும் மொத்தத் தொகையையும் சொல்லச் சொல்லுங்கள். அங்கே அது சாதாரண வழக்கம்.

காய்ந்த கடல் சரக்கின் விலை இன்னொரு கதை, அது நம் கரையிலிருந்தே தொடங்குகிறது. மன்னார் வளைகுடாவில் கடல் அட்டை பிடிக்க 2001 முதல் தடை. இருந்தும் கடத்தல் நிற்கவில்லை, காரணம் சீனச் சந்தையில் அதற்கு இருக்கும் விலை. 2021 ஆகஸ்ட்டில் நம் பக்கத்துப் பால்கர் கடலில் 157 கோல் மீன்கள் (நம் கூறல் மீன்தான்) ஒரே வலையில் சிக்கி 1.33 கோடி ரூபாய்க்கு ஏலம் போனது நினைவிருக்கும். அந்த விலை பெரும்பாலும் சதைக்கல்ல, வயிற்றுக்குள் இருக்கும் காற்றுப்பைக்கு. அதைக் காயவைத்து, ஊறவைத்து, சூப்பில் போடுவதைத்தான் அந்த மெனுவில் தலைக்கு இவ்வளவு என்று விற்கிறார்கள். அட்டைக்கும் காற்றுப்பைக்கும் சொந்தச் சுவை என்று பெரிதாக எதுவும் கிடையாது. கொழகொழப்பும், ஊறிய சாற்றின் ருசியும்தான். சின்ன வயதிலிருந்து அந்தப் பதத்தை ரசித்து வளர்ந்தவர்களுக்கு அதன் அருமை தெரியும். நம் நாக்கு அதற்குப் பழகியதில்லை. அபலோனில் 'இத்தனை தலை' என்று எண் போட்டிருந்தால், சுமார் 600 கிராமுக்கு அத்தனை உருப்படி என்று பொருள். எண் சின்னதானால் உருப்படி பெரிது, விலையும் பெரிது. சுறாத் துடுப்பு மெனுவில் இருந்தால் ஒதுக்கிவிடுங்கள், அதற்கு நியாயமே கிடையாது.

இப்போது கொடுக்க வேண்டியதற்கு வருகிறேன். ஹார் கவ் எனும் இறால் கொழுக்கட்டை. வேண்டுமென்றே கொழுக்கட்டை என்கிறேன், ஏனென்றால் சூட்சுமம் ஒன்றேதான். நாம் அரிசி மாவில் கொதிநீர் ஊற்றிக் கிளறுகிறோம். அவர்கள் பசையம் (குளூட்டன்) நீக்கிய கோதுமை ஸ்டார்ச்சில் கொஞ்சம் மரவள்ளி மாவு சேர்த்து அதே வேலையைச் செய்கிறார்கள். தண்ணீர் தளதளவென்று கொதிக்காவிட்டால் மாவு வேகாமல் விரியும். பிசைந்தது ஆறினால் ஓரம் வெடிக்கும். பசையம் இல்லாததால் இழுத்து நீட்ட முடியாது; எண்ணெய் தடவிய அகலக் கத்தியின் தட்டைப் பக்கத்தால் ஒரே அழுத்தாக அழுத்தி வட்டமாக்குவார்கள். மடிப்பு குறைந்தது ஏழு, நல்ல கை என்றால் பத்துக்கு மேல். ஐந்தாறு நிமிடம் ஆவி, அவ்வளவுதான். கூட இரண்டு நிமிடம் விட்டால் தோல் குழைந்து தட்டில் ஒட்டிக் கிழியும்.

கூடை வந்ததும் பாருங்கள். தோல் வழியாக இறாலின் சிவப்பு தெரிய வேண்டும். குச்சியால் தூக்கினால் அடி கிழியக் கூடாது. கடித்தால் இறால் 'நறுக்' என்று உடைய வேண்டும், மாவுபோல் கரையக் கூடாது. மக்காவ் கிராண்ட் லிஸ்போவாவின் 'தி எய்ட்', 2014 பதிப்பிலேயே மூன்று மிஷெலின் நட்சத்திரம் வாங்கிய உணவகம், இதைத் தங்கமீன் வடிவில் செய்து பெயரெடுத்தது. இது ஆண்டுக்கணக்கில் பழகிய கை. அந்தக் கைக்குச் சம்பளம் கொடுத்து வைத்துக்கொள்ள பணக்கார ஓட்டலால் முடிகிறது. கூடைக்கு மூன்றோ நான்கோ வரும். நாலு பேர் எட்டுக் கூடை வாங்கினாலும் ராத்திரியின் ஒரு மீனைவிடக் குறைவாகவே முடியும் வாய்ப்பு அதிகம். ஆறவிடாதீர்கள், தோல் இறுகி வெளுத்துவிடும். போட்டோ எடுப்பவர்கள் ஒன்றோடு நிறுத்துங்கள்.

பன்றி சாப்பிடாதவர்கள் கவனிக்க: ஹார் கவ்வில்கூட இறாலோடு பன்றிக் கொழுப்பு சேர்ப்பது வழக்கம். சியு மாய் எனும் இன்னொரு டிம் சம்மில் பன்றி நிச்சயம். முள்ளங்கி கேக்கில் சீனத் தொத்திறைச்சி இருக்கும். சைவர்களுக்கு இன்னும் கவனம் வேண்டும். கீரைப் பொரியல்கூட கோழி, பன்றி, ஹாம் போட்ட சாற்றில் வேகலாம், சிப்பியில் செய்யும் ஆய்ஸ்டர் சாஸ் விழலாம். 'வெஜிடேரியன்' என்று மட்டும் சொன்னால் போதாது. சாறு, ஆய்ஸ்டர் சாஸ், முட்டை மூன்றும் வேண்டாம் என்று முன்பதிவின்போதே எழுதிக் கொடுங்கள். பௌத்தச் சைவ சமையல் தெரிந்த சமையல்காரர் இருந்தால் அருமையாகவே செய்வார்.

ஃபிரைட் ரைஸ், நூடுல்ஸுக்கு அங்கே காசைப் போடாதீர்கள். அந்தப் புகைமணம் அடுப்பின் வேகத்தில் வருவது. நம் வண்டிக்கடை ஷெஸ்வான்காரரின் ஊதடுப்பும் அந்த வேகத்தில்தான் எரிகிறது. வெறும் டிம் சம் ஆசைக்கு மும்பை ஐந்து நட்சத்திர ஓட்டலே போதுமா என்றால், கணக்குப் பாருங்கள். அறை வாடகை 7,500 ரூபாயைத் தாண்டும் ஓட்டலுக்குள் சாப்பிட்டால் ஜிஎஸ்டி 18 சதவீதம், தனி உணவகத்தில் 5. டிம் சம் நன்றாகச் செய்யும் தனி உணவகங்கள் நம்மிடமே உண்டு. பயணத்தில் மிச்சம் பிடித்து அங்கே செலவழிக்க வேண்டியது முழு வாத்துக்கு.

பீக்கிங் வாத்தில் தோலுக்கும் சதைக்கும் நடுவே காற்றடித்துப் பிரிப்பார்கள். கொதிநீர் ஊற்றித் தோலை இறுக்கி, மால்ட் பாகு பூசி, ஒரு நாளாவது காற்றில் தொங்கவிட்டுக் காயவைத்து, பிறகுதான் சுடுவார்கள். அதனால்தான் 24 மணி நேரத்துக்கு முன்பே சொல்லச் சொல்கிறார்கள். மெனுவில் '42 நாள்' என்று இருந்தால் அது வாத்தின் வயது. சொல்லாமல் போய் உடனே கிடைத்தால் யாருக்கோ சுட்டு மிஞ்சியதாக இருக்கலாம். தோல் எண்ணெய் மினுக்கோடு தொய்ந்திருந்தால் அதுதான். நாலு பேருக்கு ஒரு வாத்து. சுட்ட வாத்தை உங்கள் மேசைக்கு அருகிலேயே துண்டு போடச் சொல்லுங்கள். முதலில் வரும் தோலைச் சர்க்கரையில் தொட்டு உடனே சாப்பிடுங்கள், பத்து நிமிடத்தில் மொறுமொறுப்பு போய்விடும். கூட வரும் மெல்லிய அப்பத்தில் சாஸ் கொஞ்சமாகத் தடவி, இறைச்சியை வைத்து, வெங்காயத்தாள், வெள்ளரியோடு சுருட்டுங்கள். மிச்ச இறைச்சியைப் பொடியாக நறுக்கிக் கீரை இலையில் வைத்துத் தருவதா, எலும்பில் சூப் வைப்பதா என்று கேட்பார்கள். அது விலையில் அடக்கமா, தனிக் காசா என்று கேட்டுவிட்டு சூப்பைச் சொல்லுங்கள்.