சட்டை மறைகிறது, கை மட்டும் ஏன் மறையவில்லை?

அக்கா மகன் பதினொன்றாம் வகுப்பு படிக்கிறான், இயற்பியல் பைத்தியம். போன வாரம் என் அலமாரியிலிருந்து 'இரும்புக்கை மாயாவி' காமிக்ஸை உருவிக்கொண்டு போய் உட்கார்ந்தவன், சில பக்கங்களிலேயே தலையைத் தூக்கினான். "மாமா, மின்சாரம் பாய்ந்ததும் ஆள் மறைகிறார். போகட்டும். சட்டை, கால்சட்டை, ஷூ எல்லாம் கூடவே மறைகின்றன. அந்தக் கை மட்டும் ஏன் மறையவில்லை?"

"கை தெரிந்தால்தானேடா கதை" என்று சமாளித்தேன். சிரித்துவிட்டுப் போய்விட்டான். இரவு படுத்த பிறகு யோசித்தால், சமாளிப்பாகச் சொன்னதுதான் சரியான பதில் என்று தோன்றியது.

காமிக்ஸ் வாசகர்கள் நாலு பேர் சேர்ந்தால் இந்தச் சண்டை வராமல் இருக்காது. இளையவர்கள் "இதில் அறிவியல் எங்கே இருக்கிறது?" என்பார்கள். என் வயதுக்காரர்கள் "அந்தக் காலத்து அறிவியல் அவ்வளவுதான் தம்பி" என்று பரிந்து பேசுவார்கள். பரிந்து பேசுகிறவர்கள்மேல்தான் எனக்குக் கோபம் அதிகம். 1962-இல் 'வேலியண்ட்' என்ற பிரிட்டிஷ் வார இதழில் இந்தத் தொடரை எழுதத் தொடங்கிய கென் பல்மர், நூற்றுக்கும் மேற்பட்ட நாவல்கள் எழுதிய அறிவியல் புனைகதைக்காரர். உடம்பு முழுவதும் ஒளி ஊடுருவிப் போனால் விழித்திரையில் பிம்பமே விழாது, ஆள் குருடாகத்தான் திரிய வேண்டும் என்பதெல்லாம் அவருக்குத் தெரியாமலா இருந்திருக்கும்? தெரிந்தேதான் ஒதுக்கி வைத்திருக்கிறார் என்று நம்புகிறேன்.

அவர் கட்டியது வேறு. ஆய்வகத்தில் உதவியாளராக இருந்த லூயிஸ் கிராண்டேலுக்கு, அதாவது நம் மாயாவிக்கு, வலது கை போய், இரும்புக்கை பொருத்தியிருக்கிறார்கள். மின்சாரம் பாய்ந்தால்தான் மறைய முடியும். மறைந்தாலும் கை அந்தரத்தில் மிதந்து காட்டிக்கொடுக்கும். சிறிது நேரத்தில் சக்தி வடிந்து உருவம் திரும்பிவிடும். எதிரியின் கூடாரத்துக்குள் நிற்கும்போது மின்கம்பி ஒன்று கிடைக்குமா, கிடைக்காதா? கதையின் பதைப்பு முழுவதும் அந்த ஒரு கம்பியில் தொங்குகிறது. வரம் கொடுத்துவிட்டு, கூடவே நிபந்தனையையும் கட்டி, அந்த நிபந்தனையை ஆசிரியரே மீறாமல் இருப்பதுதான் எனக்கு அறிவியல் புனைகதை. சூத்திரம் சரியா என்று பார்ப்பது தேர்வு விடைத்தாளுக்கு.

இதனால்தான் பிற்காலக் கதைகள் எனக்கு ருசிக்கவில்லை. தலையிலிருந்து கால்வரை சீருடை மாட்டி அவரையும் சூப்பர் ஹீரோ வரிசையில் நிறுத்தினார்கள். 'நிழல் படை' என்ற ரகசிய உளவு அமைப்புக்காக வேலை செய்த காலத்து மாயாவி எங்கே, இந்த வேடதாரி எங்கே! இன்னொரு பிரிட்டிஷ் காமிக்ஸ் நாயகனான ஸ்பைடரைப் (ஸ்பைடர்மேன் வேறு) பற்றியும் சொல்லிவிடுகிறேன், சண்டைக்கு வருகிறவர்கள் வரட்டும். சூப்பர்மேனை உருவாக்கிய இருவரில் ஒருவரான ஜெர்ரி சீகலே பிற்பாடு ஸ்பைடர் கதைகளை எழுதினார். அவ்வளவு பெரிய கை பட்டும், அடுத்த பக்கத்தில் எதுவும் நடக்கலாம் என்று ஆகிவிட்டதால் எனக்கு எதிலும் பயம் வரவில்லை. அவனுடைய வலைத் துப்பாக்கியும் ஹெலிகார் என்ற பறக்கும் வண்டியும் மட்டும் அழகு.

பல்மருக்குப் பிறகு மாயாவியை நெடுங்காலம் எழுதியவர் டாம் டல்லி. படம் வரைந்தவர் ஸ்பெயின்காரரான ஹெசூஸ் பிளாஸ்கோ. அந்த நிழலும் வெளிச்சமும் இன்றைக்கும் அசர வைக்கின்றன. அன்றைய பிரிட்டிஷ் வார இதழ்களில் எழுதியவர் பெயரையோ வரைந்தவர் பெயரையோ போடும் வழக்கமில்லை. யார் எழுதியது என்று தெரியாமலேயே ஒரு தலைமுறை படித்து முடித்துவிட்டது.

தமிழில் வந்த கதை இன்னும் சுவாரசியம். 1972 ஜனவரியில் சிவகாசியிலிருந்து சௌந்தரபாண்டியன் முத்து காமிக்ஸைத் தொடங்கியபோது முதல் இதழே 'இரும்புக்கை மாயாவி'தான். ஆசிரியர் முல்லை தங்கராசன். அந்தத் தலைப்பைக் கொஞ்சம் பாருங்கள். 'தி ஸ்டீல் கிளா' என்ற ஆங்கிலத் தலைப்பில் இரும்பு நகக்கை மட்டும்தான் இருக்கிறது, மாயம் என்ற பேச்சே கிடையாது. தமிழில் 'மாயாவி' வந்து ஒட்டிக்கொண்டதும், ஆய்வக விபத்தில் பிறந்த ஆசாமி விக்கிரமாதித்தனுக்கும் வேதாளத்துக்கும் பங்காளி ஆகிவிட்டார். 'சட்டை எப்படி மறைந்தது?' என்று எங்களில் யாரும் கேட்காமல் போனதற்கு அந்த ஒரு சொல்லும் காரணம் என்பேன். குழந்தைகளுக்காக எழுதியவர்களைப் பற்றி நம் இலக்கிய மேடைகள் பேசுவதில்லை. தங்கராசனைப் பற்றி எங்கேயாவது ஒரு மணி நேரம் பேசிக் கேட்டிருக்கிறீர்களா? அவர் ஆசிரியராக இருந்த இதழ்களைப் படித்துத்தான் நான் எழுத்துக்கூட்டாமல் வாசிக்கப் பழகினேன்.

என்னிடம் முதலில் வந்து சேர்ந்தது பெரியப்பா மகன் படித்துக் கிழித்த பிரதி. அட்டையும் இல்லை, முதல் சில பக்கங்களும் இல்லை. சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாளை வலது கையில் சுற்றிக்கொண்டு பிளக் பாயிண்ட் முன்னால் நின்றிருக்கிறேன். அம்மா முதுகில் வைத்த அடியில் மறைய வேண்டிய அவசியமே இல்லாமல் போனது. உங்களில் எத்தனை பேர் நின்றீர்கள் என்று பின்னூட்டத்தில் ஒப்புக்கொள்ளுங்கள்.

நேற்று அக்கா மகனிடமிருந்து குறுஞ்செய்தி: "மாமா, அடுத்த புத்தகம் இருக்கிறதா? இவன் திருடனா, நல்லவனா என்று இன்னும் முடிவாகவில்லை." சட்டையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.