வரைபடம் மாட்டுவதற்கு முன்பே எங்களிடம் வாருங்கள்

அடுக்குமாடிப் புளோக்கின் கீழ்த்தளத்தில் பேட்டைப் புதுப்பிப்புக்கான இரண்டு வரைபடங்களை மாட்டி, “உங்களுக்கு எது பிடித்திருக்கிறது? ஓர் ஒட்டுவில்லையை ஒட்டிவிட்டுப் போங்கள்” என்று கேட்பதைக் கலந்தாலோசனை என்று என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. கூரையிட்ட நடைபாதை எங்கே வரும், எந்த மரம் நிற்கும், எந்தப் பெஞ்சு போகும் என்பதெல்லாம் அதற்குள் ஏறக்குறைய முடிவாகியிருக்கும். சுவருக்கு நீலமா பச்சையா என்பது மட்டும் நமக்கு மிச்சம்.

உடனே இதை அரசாங்கத்தின் மீதான கோபமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். சிங்கப்பூர்க் குடியிருப்பாளர்களில் முக்கால் பங்குக்கும் மேலானோர் வீவக எனப்படும் வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் வீடுகளில் வாழ்கிறோம். அந்தப் பேட்டைகள் பழையதாகும்போது அப்படியே கைவிடப்படுவதில்லை. 2007இல் அறிமுகமான அக்கம்பக்கப் புதுப்பிப்புத் திட்டத்தில் செலவு முழுவதையும் அரசாங்கம் ஏற்கிறது. பேட்டையைப் பராமரிக்கும் நகர மன்றம் பணியை நடத்துகிறது. தகுதியுள்ள வீடுகளில் குறைந்தது 75 விழுக்காடு ஆதரித்தால்தான் வேலை தொடங்கும். அதற்கு முன் குடியிருப்பாளர்களின் கருத்தைக் கேட்க வேண்டும் என்பதும் திட்டத்தின் விதியிலேயே இருக்கிறது. நல்ல விதி. அதை இரண்டு தரப்பும் பாதிதான் பயன்படுத்துகிறோம் என்பதுதான் என் ஆதங்கம். அவர்கள் தாமதமாகக் கேட்கிறார்கள். அவர்கள் கேட்கும்போதுகூட நாம் போவதில்லை.

தீவின் வடக்கில் ஒரு பழைய பேட்டையில் வசிக்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் புளோக்குகளுக்குப் புதுப்பிப்பு வரப்போகிறது என்று தெரிந்ததும், அக்கம்பக்கத்தில் சிலர் ஒன்றுசேர்ந்து வீடு வீடாகப் போவது என்று முடிவெடுத்தோம். தமிழர்கள், சீனர்கள், மலாய்க்காரர்கள் என்று கலந்த சிறு கூட்டம். எங்களில் சமூக ஊழியராகப் பல ஆண்டுகள் பணியாற்றிய ஓர் அம்மா முதல் நாளே ஒரு நிபந்தனை வைத்தார். “என்ன வேண்டும் என்று யாரிடமும் கேட்காதீர்கள். எந்த வழியாக நடக்கிறீர்கள், எங்கே நின்று இளைப்பாறுகிறீர்கள், எங்கே பயமாக இருக்கிறது என்று கேளுங்கள்” என்றார்.

அந்த நிபந்தனையின் மதிப்பு ஒரே வாரத்தில் புரிந்துவிட்டது. என்ன வேண்டும் என்று கேட்டால் எல்லாரும் வேறு பேட்டையில் பார்த்ததைச் சொல்வார்கள்: விளையாட்டு இடம், உடற்பயிற்சி மூலை, மெதுவோட்டப் பாதை. தினமும் என்ன செய்கிறீர்கள் என்று கேட்டால், எந்த வரைபடத்திலும் இல்லாத பேட்டை ஒன்று கண்முன் வரும்.

எதிர் புளோக்கில் இருக்கும் மலாய் மூதாட்டியை நாங்கள் எல்லாரும் நெனெக், அதாவது பாட்டி, என்றே அழைப்போம். அவர் சந்தைக்குப் போகும்போது நடைபாதையில் போவதில்லை. புல்தரையின் குறுக்கே, பல்லாண்டுகளாகக் கால்பட்டுத் தேய்ந்த ஒற்றையடிப் பாதையில் போகிறார். திரும்பி வரும்போது மின் துணைநிலையத்தின் ஓரத்துத் திட்டில் பையை வைத்துவிட்டுச் சற்று நேரம் நிற்பார். அங்கே பெஞ்சு கிடையாது. முதலில் போடப்பட்ட திட்டத்தில் புதிய பெஞ்சுகள் எல்லாம் விளையாட்டு இடத்தைச் சுற்றியே இருந்தன.

எங்கள் புளோக்கில் இருக்கும் ஓர் அக்கா அலுவலகக் கட்டடம் ஒன்றில் துப்புரவு வேலை செய்கிறார். விடிவதற்கு முன்பே வீட்டை விட்டு இறங்கி, குப்பை சேகரிப்பு இடத்தின் பின்புறமாகப் பஸ் நிறுத்தத்துக்கு நடக்க வேண்டும். அந்த வழியில் விளக்கு இல்லை. “இத்தனை வருஷத்தில் யாரிடமாவது சொன்னீர்களா அக்கா?” என்று கேட்டேன். “யார் என்னிடம் கேட்டார்கள் தம்பி?” என்றார். கூட்டங்கள் இரவு ஏழரை மணிக்கு நடக்கும். அவர் வீடு திரும்பிச் சமைத்து முடிக்கும் நேரம் அது. அறிவிப்பு மின்தூக்கிக்குப் பக்கத்தில் ஆங்கிலத்தில் ஒட்டப்பட்டிருக்கும். நான்கு அதிகாரத்துவ மொழிகள் உள்ள நாட்டில், தன் வீட்டு வாசலைப் பற்றிய கூட்டத்துக்கு ஒருவர் தன் மொழியில் அழைக்கப்படாமல் போவது சிறிய விஷயம் என்று எனக்குத் தோன்றவில்லை.

நாங்கள் சேர்த்த குறிப்புகளை ஒரு பெரிய தாளில் வரைந்து எடுத்துக்கொண்டு போனோம். அன்றைய கூட்டத்துக்கு வந்த பொறியாளர் இளையவர், பொறுமையானவர். ஒற்றையடிப் பாதையின் மேல் கூரை போட முடியாது என்றார். தீயணைப்பு வண்டி வந்து நிற்பதற்காக ஒதுக்கப்பட்ட வழி அது. அதன் அடியில் கழிவுநீர்க் குழாயும் போகிறது என்று தாளிலேயே கோடு போட்டுக் காட்டினார். கூட்டத்தில் ஒருவர்கூட முகம் சுளிக்கவில்லை. ‘பரிசீலிக்கிறோம்’ என்ற ஒற்றைச் சொல்லைக் கேட்டுக் கேட்டுச் சலித்தவர்கள், முடியாது என்பதற்கான காரணத்தை நேருக்கு நேர் கேட்டபோது எழுந்து வந்து தாளைச் சுற்றி நின்றார்கள். கூரை வராவிட்டால் நிழலாவது வேண்டும், இங்கே மரம் வைக்கலாமா, அந்தத் திட்டுக்குப் பக்கத்தில் கைப்பிடி வைத்த பெஞ்சு ஒன்று போடலாமா என்று பேச்சு வளர்ந்தது. கடைசியில் நடைபாதைக் கூரை வரவில்லை. பெஞ்சு வந்தது. குப்பை சேகரிப்பு இடத்தின் பின்னால் விளக்கும் வந்தது. கேட்டதில் பாதிக்கும் குறைவுதான் என்றாலும், அதை யார் கேட்டார்கள், ஏன் கேட்டார்கள் என்பது பேட்டை முழுவதற்கும் தெரியும்.

பங்காளித்துவம் என்று நான் சொல்வது இதைத்தான். அதிகாரிகளுக்குக் குழாய் எங்கே போகிறது என்று தெரியும். நெனெக்குக்குத் தன் முழங்கால் எந்த இடத்தில் வலிக்கத் தொடங்கும் என்று தெரியும். இருவரும் ஒரே தாளைப் பார்க்க வேண்டும், தாள் வெறுமையாக இருக்கும்போதே பார்க்க வேண்டும்.

குடியிருப்பாளர் சேர்ந்து பேசினால் என்ன ஆகிவிடும் என்று கேட்பவர்களுக்கு இந்த ஊரிலேயே எடுத்துக்காட்டுகள் இருக்கின்றன. டகோட்டா கிரசெண்ட், வீவகவுக்கு முன்பிருந்த சிங்கப்பூர் மேம்பாட்டு அறக்கட்டளை 1958இல் கட்டிய பேட்டை. 2016 இறுதிக்குள் குடியிருப்பாளர்கள் வெளியேற வேண்டும் என்று முடிவானபோது, பழைய இடம், காலம் மாறுகிறது என்று எல்லாரும் சும்மா இருந்திருக்கலாம். குடியிருப்பாளர்களும் கட்டடக்கலைஞர்களும் தொண்டூழியர்களும் சேர்ந்து அந்த இடத்தின் வரலாற்றை எழுதினார்கள், மாற்று யோசனைகளை வரைந்தார்கள், தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினரும் குரல் கொடுத்தார். 2017 டிசம்பரில், நடு முற்றத்தைச் சுற்றியுள்ள ஆறு புளோக்குகளும் புறா வடிவ விளையாட்டு இடமும் பாதுகாக்கப்படும் என்ற அறிவிப்பு வந்தது. அங்கிருந்து பக்கத்திலேயே காசியா கிரசெண்ட்டுக்கு இடம் மாறிய முதியவர்களைத் தொண்டூழியர்கள் மறக்கவில்லை. புதிய வீட்டில் பழகிக்கொள்ள அவர்களுக்குத் தொடர்ந்து துணை நின்றார்கள். கட்டடத்தைக் காப்பாற்றியதைவிட அதைத்தான் நான் பெரிதாக மதிக்கிறேன்.

குவீன்ஸ்டவுனில் மை கம்யூனிட்டி என்ற குடிமக்கள் அமைப்பு செய்த வேலையும் அப்படித்தான். 1970இல் திறக்கப்பட்ட குவீன்ஸ்டவுன் நூலகம், காமன்வெல்த் அவென்யூவின் பழைய ஈரச்சந்தைக் கட்டடம் போன்றவற்றைக் காக்க வேண்டும் என்று அவர்கள் முன்வைத்த யோசனை ஏற்கப்பட்டது. குடியிருப்பாளர்களின் நினைவுகளைச் சேகரித்து, பேட்டையைச் சுற்றிக்காட்டும் நடைப்பயணங்களையும் அவர்கள் நடத்திவருகிறார்கள்.

இவை இரண்டும் செய்தித்தாளில் வந்தவை. வராதவை, வருமானம் குறைந்தோருக்கான அரசாங்க வாடகை வீடுகள் உள்ள புளோக்குகளில் நடக்கின்றன. 1961 மே 25ஆம் தேதி புக்கிட் ஹோ சுவீ என்ற கம்பத்தில், அதாவது பழைய கிராமக் குடியிருப்பில், பற்றிய தீ ஏறத்தாழ 16,000 பேரின் வீடுகளைப் பறித்தது. தீக்குப் பிறகு எழுந்த அதே வட்டாரத்தில் 1969இல் தொடங்கிய சமூகப் பணிதான் இன்று பியோண்ட் சோஷியல் சர்வீசஸ் என்ற அமைப்பாக வளர்ந்திருக்கிறது. வறுமையில் இருப்பவரிடம் ‘உங்களிடம் என்ன குறை’ என்று தொடங்காமல், ‘உங்களிடம் என்ன திறமை இருக்கிறது, உங்கள் அண்டைவீட்டாருக்கு நீங்கள் என்ன செய்கிறீர்கள்’ என்று தொடங்கும் அணுகுமுறை அவர்களுடையது. வீட்டின் உட்புறத்தைச் சீராக்கும் வீடு மேம்பாட்டுத் திட்டத்தில் வாக்கு, வீட்டை வாங்கியிருக்கும் சிங்கப்பூர்க் குடிமக்களின் வீடுகளுக்கே உண்டு. சொந்த வீட்டின் உள்ளே நடக்கும் வேலைக்கு அது சரி. பேட்டையின் வழி, விளக்கு, பெஞ்சு என்று வரும்போது, வாடகை வீட்டில் இருப்பவரின் வாயை அடைக்க எந்த நியாயமும் இல்லை. அவரும் அதே இருட்டில்தான் நடக்கிறார்.

இனி நம்மைப் பற்றி, தமிழர்களாகிய நம்மைப் பற்றி.

ஏற்பாடு செய்யத் தெரியாத சமூகம் அல்ல நாம். தைப்பூசத்தன்று இரவு பகலாகத் தண்ணீர்ப் பந்தல் நடத்துகிறோம். கோயில் கும்பாபிஷேகம் என்றால் ஆயிரக்கணக்கானோருக்கு அன்னதானம், வரிசை, காலணி வைக்கும் இடம் வரை எல்லாம் தொண்டூழியர்கள் கையில் இருக்கும். லிட்டில் இந்தியா எனப்படும் தேக்காவில் கடைக்காரர்கள் லிஷா என்ற சங்கமாகச் சேர்ந்து தங்கள் குரலை ஒலிக்கச் செய்திருக்கிறார்கள். இத்தனை திறமையுள்ள நாம், சொந்தப் புளோக்கில் கூட்டம் என்றால் பொங்கலுக்கும் தீபாவளிக்கும் மட்டும் இறங்கி வருகிறோம். தேக்காவையே எடுத்துக்கொள்ளுங்கள். 1989இல் அந்த வட்டாரம் பாதுகாக்கப்பட்ட பகுதியானது. விளக்கு அலங்காரத்தைப் பார்க்க ஊரே வருகிறது. பஃபலோ ரோட்டிலும் ரோவல் ரோட்டிலும் அடுக்குமாடி வீடுகளில் வாழும் முதியவர்களுக்கு அந்தக் கூட்டமும் சத்தமும் என்ன செய்கின்றன என்று, அங்கே வாரந்தோறும் காய்கறி வாங்கும் நாம் எத்தனை பேர் கேட்டிருக்கிறோம்?

பேட்டைகளில் இயங்கும் வசிப்போர் குழுக்கள் 1978இல் தொடங்கியவை. இப்போது பல இடங்களில் குடியிருப்பாளர் கட்டமைப்பு என்ற பெயரில் இயங்குகின்றன. அரசாங்க அமைப்பான மக்கள் கழகத்தின் கீழ் இருப்பதால் ‘அது அவர்களுடைய ஆட்களுக்கு’ என்று ஒதுங்குவோர் உண்டு. அந்தத் தயக்கம் எனக்குப் புரிகிறது. குழுக்களும் சுற்றுலா, விருந்து, பரிசளிப்பு என்று நிகழ்ச்சி நடத்துவதிலேயே நேரத்தைச் செலவழித்தால் தயக்கம் கூடத்தான் செய்யும். ஆனால், வெளியே நின்று வருந்துவதால் ஒரு விளக்குகூட எரியப்போவதில்லை. குழுவில் சேருங்கள், அல்லது எங்களைப் போல் குழுவுக்கு வெளியே சேர்ந்து, குழுவோடு பேசுங்கள். இரண்டும் நடக்கும்.

இன்னொரு பழக்கமும் நம்மைத் தனித்தனியாக வைத்திருக்கிறது. 2015இல் ஒன்சர்வீஸ் செயலி வந்த பிறகு, பழுதான விளக்கைப் படமெடுத்து அனுப்பினால் போதும். மிகவும் பயனுள்ள சேவை, நானும் பயன்படுத்துகிறேன். அதே செயலியில் மாடி வீட்டுக்காரரின் செருப்பு அலமாரி, பக்கத்து வீட்டுச் செடித்தொட்டி என்று புகார்கள் போகும்போது மனம் கனக்கிறது. கதவைத் தட்டிப் பேச வேண்டிய விஷயம் அதிகாரியிடம் போய்விட்டால், அந்தக் கதவை நாம் பிறகு எப்போது தட்டப்போகிறோம்?

இந்தப் பேச்சுப் பழக்கம் ஏன் அவசரம் என்று சொல்லிவிடுகிறேன். 2018இல் வெர்ஸ் திட்டம் அறிவிக்கப்பட்டது. 99 ஆண்டு குத்தகையில் 70 ஆண்டுகளைத் தாண்டிய சில வட்டாரங்களில், அரசாங்கம் வீடுகளைத் திரும்ப வாங்கிக்கொள்ள முன்வரும்போது, ஏற்பதா வேண்டாமா என்று அங்குள்ளவர்களே வாக்களித்து முடிவெடுப்பார்கள். 1960களில் கட்டப்பட்ட வீடுகள் அந்த வயதை நெருங்கிக்கொண்டிருக்கின்றன. பெஞ்சு எங்கே போடுவது என்றுகூட ஒன்றாக உட்கார்ந்து பேசிப் பழகாத பேட்டை, வீட்டையே விட்டுப் போவதா என்ற கேள்வியை எப்படிச் சந்திக்கும்? பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்கும் தனித்த முதியவருக்கு அந்த வாக்குச்சீட்டை விளக்கப்போவது யார்? வீட்டு முகவரா, வாட்ஸ்அப் வதந்தியா, நன்கு பழகிய அண்டைவீட்டாரா?

ஆகவே நகர மன்றங்களிடம் என் வேண்டுகோள்: ஒவ்வொரு புதுப்பிப்புக்கும் வரைபடம் போடுவதற்கு முன் பேட்டையைச் சுற்றி இரண்டு நடைகள், குடியிருப்பாளர்களோடு சேர்ந்து, ஒன்று விடியற்காலையில், ஒன்று இரவில். அறிவிப்பு நான்கு மொழிகளில். முடியாது என்றால் ஏன் முடியாது என்பதை எழுத்தில் ஒட்டுங்கள். வாடகை வீடுகளின் கதவையும் தட்டுங்கள்.

நம்மவர்களிடம் என் வேண்டுகோள் இன்னும் எளியது. உங்கள் மின்தூக்கிக்குப் பக்கத்தில் ஏதேனும் கூட்ட அறிவிப்பு ஒட்டியிருந்தால், இந்த வாரமே படித்துப் பாருங்கள், உங்கள் தளத்தில் ஆங்கிலம் தெரியாத ஒருவருக்காவது அதைச் சொல்லுங்கள். கூட்டத்தில் தமிழில் விளக்க ஆள் வேண்டுமென்றால் எனக்கு எழுதுங்கள். வார இறுதியாக இருந்தால் தீவின் எந்த மூலைக்கும் நானும் என் அண்டைவீட்டார் இருவரும் வருகிறோம்.