டிலேயும் ரிவெர்பும்: எது முதலில்?

ஆம்பியன்ட் இசைக்கு (மெதுவாகப் படர்கிற சூழல் இசை) டிலேதான் (ஒலியை எதிரொலி மாதிரி திரும்பக் கேட்கவைக்கும் எஃபெக்ட்) முதலில், ரிவெர்ப் (பெரிய அறையில் கேட்கிற முழக்கத்தைச் சேர்ப்பது) பிறகுதான், மாற்றிப் போட்டால் ஒலியே வேறாகிவிடும் என்று மேலே ஒரு நண்பர் எழுதியிருக்கிறார். பலரும் அதை ஆமோதித்திருக்கிறார்கள். நானும் ரொம்ப நாள் அப்படித்தான் நம்பியிருந்தேன். ஆனால் எப்போதும் அப்படி இல்லை.

சாதாரண மோனோ டிலேயும் (இடது, வலது இரண்டுக்கும் ஒரே மாதிரி வேலை செய்வது), மாடுலேஷன் (ஒலியைத் தொடர்ந்து லேசாக அசைப்பது) இல்லாத ரிவெர்பும் என்றால் எது முன்னால் வந்தாலும் வெளியே வருவது ஒன்றுதான். இரண்டுமே ஒலியின் நகல்களைத் தாமதித்துக் கூட்டுகின்றன. 2-ஐ 3-ஆல் பெருக்கினாலும் 3-ஐ 2-ஆல் பெருக்கினாலும் 6 வருகிற மாதிரிதான்.

நீங்களே பார்க்கலாம். சிந்தசைசரில் ஒரு பேட் (நீண்டு ஒலிக்கும் மென்மையான ஸ்வரங்கள்) வாசித்து முதலில் ஆடியோவாகப் பதிந்துகொள்ளுங்கள் (நேரடி சிந்த் ஒவ்வொரு முறையும் லேசாக மாறும், சோதனை கெட்டுவிடும்). அதை இரண்டு டிராக்கில் போடுங்கள். ஒன்றில் டிலே முதலில், மற்றதில் கன்வல்யூஷன் ரிவெர்ப் (நிஜ இடத்தின் பதிவை வைத்து முழக்கம் தருவது, மாடுலேஷன் இல்லாதது) முதலில். அமைப்புகள் அப்படியே இருக்கட்டும். அப்புறம் ஒரு டிராக்கின் ஃபேஸைத் திருப்பிவிட்டு (ஒலி அலையைத் தலைகீழாக்கி) இரண்டையும் சேர்த்து ஓடவிடுங்கள். இரண்டும் ஒன்றாக இருப்பதால் ஒன்றையொன்று அழித்துவிடும், மீட்டர் கிட்டத்தட்ட அடியிலேயே படுத்துக் கிடக்கும்.

இப்போது இரண்டு டிராக்கின் டிலேயிலும் டேப் சாச்சுரேஷனை (பழைய டேப் மாதிரி ஒலியை லேசாகச் சிதைப்பது) ஏற்றுங்கள், மீட்டர் உடனே எழும்பும். பிங்-பாங் டிலே (எதிரொலி இடமும் வலமும் மாறி மாறி வருவது), கோரஸ் (சுருதியை லேசாக அசைக்கும் எஃபெக்ட்) கலந்த ரிவெர்ப் இவற்றிலும் வரிசை முக்கியம்தான். நண்பரின் காதில் விழுந்த வித்தியாசம் பெரும்பாலும் இவற்றில் ஒன்றிலிருந்து வந்திருக்கும்.